உரிமையாளர் சார்பில்

தென்கொரியாவின் தேகு நகரத்தில் பழைய சந்தைக்குப் பின்னால் இருக்கும் வெள்ளை அன்னம் சலவைக்கடையில் அன்று மதியம் நான்கு கைப்பேசிகள் பாடிக்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. நான்கிலும் ஒரே பாட்டு, ஒலியை முழுக்கக் குறைத்து, விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டு அதிகம் ஓடுகிறது என்று தினமும் வெளிவரும் பட்டியலில் தங்கள் பாடகன் மேலே ஏறவேண்டும் என்பதற்காக ஓக்சிம் செய்யும் தொண்டு அது. கேட்பதற்காக அல்ல.

ஓக்சிமுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிச் சீருடை ஒன்றுக்கு நீராவி இஸ்திரி போட்டுக்கொண்டே சுவர்க் கடிகாரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாள். அவள் கணவர் தால்சு துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அலமாரியில் வரிசையாக நிற்கும் கைப்பேசிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நம்ம கல்யாண போட்டோவக்கூட நீ இப்படி வரிசையா வெச்சதில்ல."

"கல்யாணத்துல நீங்க பாட்டா பாடுனீங்க?"

"பாடச் சொல்லியிருந்தா பாடியிருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல. தள்ளுங்க, ரெண்டு மணி ஆகப்போகுது."

இரண்டு மணிக்கு என்ன என்று சொல்வதற்கு முன் இவர்களுடைய பாடகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் பியோ தோஜுன். வயது முப்பத்து நான்கு. நம் அம்மாக்கள் அப்பாக்கள் காலத்துப் பாணியில் நெஞ்சை உருக்கிப் பாடுகிறவன். 'உப்புக் காற்று' என்ற ஒரே பாட்டில் நாட்டையே அழ வைத்தான். மகன் கப்பல் கட்டும் வேலைக்குப் போய் வீடு வெறிச்சோடிக் கிடந்த வருடத்தில், ஓக்சிம் ஆறேழு மாதம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள். கடை வானொலியில் அந்தப் பாட்டைக் கேட்ட அன்று இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு அழுதாள். மறுநாளிலிருந்து பேசினாள். பாட்டு ஒரு மனுஷியை எழுப்பி உட்கார வைத்தது என்றால் அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. பிறகு நடந்ததுதான் கேலிக்கும் கோபத்துக்கும் உரியது.

தோஜுனின் ரசிகர் கூட்டத்துக்கு 'அலைகள்' என்று பெயர். பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள். இணையத்தில் கூடுவார்கள்; கச்சேரி என்றால் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் கையில்லாத மேல்சட்டை போட்டுக்கொண்டு பேருந்து பிடித்துக் கிளம்புவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சாலை போடும் ஆட்கள் கூட்டமாகப் போவதுபோல் இருக்கும். தேகுக் கிளையின் மேல்சட்டைகள் எல்லாவற்றையும் வெளுத்து இஸ்திரி போடும் பொறுப்பு ஓக்சிமுடையது. அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல.

'உப்புக் காற்று' இசைத்தட்டில் பாட்டை எழுதி இசையமைத்தவர் பெயர் 'மணல்' என்று போட்டிருக்கும். யார் அந்த மணல்? தோஜுனே தான் என்று அலைகள் அத்தனை பேரும் நம்பினார்கள். மீனவக் கிராமத்தில் தன்னை வளர்த்த தாயை நினைத்து அவன் எழுதிய பாட்டு, அடக்கம் காரணமாகப் புனைபெயரில் ஒளிந்துகொண்டான் என்பது கதை. தொலைக்காட்சியில் கேட்டபோது அவன், "இந்தப் பாட்டு எங்க வீட்டுக்குள்ள இருந்து வந்த மாதிரி இருக்கும் எனக்கு" என்று சொல்லிச் சிரித்தான். பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. பாட்டில் வரும் நீலக் கதவைத் தேடி அலைகள் பேருந்து வைத்துக் கிழக்குக் கடற்கரைக்குப் போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் விவரமானவர்கள், இவர்கள் வருவதற்குள் ஒரு கதவுக்கு நீலம் அடித்து வைத்திருந்தார்கள். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களில் ஓக்சிமும் ஒருத்தி.

இப்படி இருக்கும்போது, யாரோ ஒருவர் ரசிகர் பக்கத்தில் ஒரு காணொளியின் இணைப்பைக் கொண்டுவந்து போட்டார். சின்ன அறை ஒன்றில் ஒரு பெண் கிதாருடன் உட்கார்ந்து அதே 'உப்புக் காற்றை'ப் பாடுகிறாள். அவள் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அதன் கீழே ஒரு வம்பன் எழுதியிருந்தான்: 'தோஜுனைவிட இந்தப் பெண் நன்றாகப் பாடுகிறாள்.'

அவ்வளவுதான். திருட்டு, பதிப்புரிமை மீறல், தோஜுனின் வயிற்றில் அடிக்கிறார்கள் என்றெல்லாம் கூச்சல் கிளம்பியது. அதே பாட்டை ஆயிரம் பேர் பாடிப் போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் அன்பு என்று விட்டவர்கள்தான் இவர்கள். நன்றாகப் பாடியவள் மட்டும் திருடி ஆனாள். உறுத்தியது திருட்டு அல்ல, 'தோஜுனைவிட' என்ற அந்த ஒரு சொல்தான்.

கிளைத் தலைவி மிரான், இருபது வருடம் காப்பீட்டு முகவர்களைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவள். கட்டளை போடத் தெரிந்தவள். அன்று காலையில் எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். அந்தப் பெண்ணின் சேனலில் இதே பாட்டு மூன்று காணொளிகளாக இருக்கிறது. மதியம் சரியாக இரண்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாகப் பதிப்புரிமைப் புகார் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு காணொளிக்கும் ஒரு புகார் நிலைத்தால் போதும், மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். ஓக்சிமின் குழுவுக்கு முதல் காணொளி. புகார் கொடுத்ததும் திரையைப் படம் பிடித்துச் சாட்சியாக ரசிகர் பக்கத்தில் போடவேண்டும். படம் போடாதவர்களுக்கு அடுத்த கச்சேரியில் முன்வரிசை கிடையாது.

மணி இரண்டு அடித்தது. ஓக்சிம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைத் திறந்தாள். பெயர் கேட்டது. போங் ஓக்சிம் என்று எழுதினாள். முகவரி கேட்டது. வெள்ளை அன்னம் சலவைக்கடை என்று தொடங்கி, தெரு, கதவு எண், கைப்பேசி எண் வரைக்கும் எழுதினாள். படிவம் என்று ஒன்று வந்தால் உள்ளதை உள்ளபடி எழுதவேண்டும் என்றுதான் அவளுக்குத் தெரியும். கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. பக்கத்தில் இரண்டு வரி. 'இந்தப் படைப்பின் உரிமையாளர் நான், அல்லது உரிமையாளர் சார்பில் பேச எனக்கு அதிகாரம் உண்டு என்று உறுதிமொழி அளிக்கிறேன். இது பொய்யானால் சட்டப்படி நானே பொறுப்பு.'

ஓக்சிமின் விரல் ஒரு நொடி நின்றது.

"என்னங்க, இதுல உரிமையாளர் சார்பில்னு போட்டிருக்கு. நான் போடலாமா?"

தால்சு துணிகளுக்கு அட்டை கட்டிக்கொண்டிருந்தார். "உங்க தோஜுன் உன்கிட்ட ஏதும் சொல்லி அனுப்பிச்சானா?"

"அதில்ல, அவனுக்காகத்தானே செய்யறோம்?"

அதற்குள் குழுவில் மிரானின் குரல்செய்தி வந்துவிட்டது. "எல்லாத்துக்கும் டிக் போடுங்க, யோசிக்காதீங்க! இன்னும் நாப்பது பேரு பாக்கி!" ஓக்சிம் டிக் போட்டாள். திரையைப் படம் பிடித்து ரசிகர் பக்கத்தில் ஏற்றினாள். மாலைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள் வரிசை கட்டின. மறுநாள் மூன்று காணொளிகளும் போயின. அலைகள் கொண்டாடினார்கள். ஓக்சிமின் புகார்தான் முதல் காணொளியை எடுத்தது என்று தெரிந்ததும் மிரான் கைதட்டும் கரடிப் படம் ஏழு அனுப்பினாள்.

எனக்கு ஆத்திரம் வருவது இந்தக் கொண்டாட்டத்தை நினைக்கும்போதுதான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் நல்லவர்கள். பேரக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள், பேருந்தில் வயதானவர்களுக்கு இடம் விடுகிறவர்கள். சாலையில் ஒரு பெண்ணைப் பிடித்து வைத்து, "இவள் திருடி, நான் சத்தியம் செய்கிறேன்" என்று சொல்லச் சொன்னால் ஒருத்திகூடச் சொல்லமாட்டாள். அதையே கைக்குள் இருக்கும் திரையில், எல்லோரும் செய்கிறார்களே என்று, அரை நிமிடத்தில் செய்து முடித்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்கள்.

ஐந்தாம் நாள் முற்பகலில் கடைக் கதவு மணி அடித்தது. மெலிந்த ஒரு பெண் உள்ளே வந்தாள். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அந்தப் புழுக்கத்திலும் ஒரு துண்டு சுற்றியிருந்தாள். கையில் துணிப்பை எதுவும் இல்லை.

"வெளுக்கவா, இஸ்திரியா?" என்றாள் ஓக்சிம்.

வந்தவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கிட்டே வந்து, மறுபடியும் முயன்றாள். தாளை உரசுவதுபோல் ஒரு குரல்.

"போங் ஓக்சிம் அம்மா நீங்கதானா?"

"ஆமா, நான்தான். நீங்க?"

"என் பேரு பியோன் தான்பி. நீங்க புகார் குடுத்தீங்களே, அந்த வீடியோ என்னோடது."

ஓக்சிமுக்கு ஒரு கணம் திக்கென்றது. அடுத்த கணமே அலைகளின் வீரம் வந்துவிட்டது.

"ஓ, நீதானா அது! திருடறதையும் திருடிட்டு வீடு தேடி வேற வந்திருக்கியா? என் விலாசம் உனக்கு எப்படித் தெரியும்?"

"யார் புகார் குடுத்தாங்களோ அவங்க பேரும் விலாசமும் எனக்கு அனுப்புவாங்கம்மா. மூணு புகார். ஒண்ணு 'தோஜுன் அம்மா'ன்னு இருந்துச்சு. இன்னொண்ணு 'கடல் இளவரசி'. ரெண்டுக்கும் எழுதினேன், அப்படி ஒரு முகவரியே இல்லேன்னு திரும்பி வந்துடுச்சு. நெஜமான ஆளு நீங்க ஒருத்தர்தான்."

தால்சு நாற்காலியை இழுத்துப் போட்டு, பார்லித் தண்ணீர் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். தான்பி அதை மிகச் சின்ன மடக்குகளாகக் குடித்தாள். விழுங்குவதே அவளுக்கு ஒரு வேலையாக இருந்தது.

"நெஜமான ஆளுதான்," என்றாள் ஓக்சிம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "நெஜமாத்தான் சொல்றேன். அது நம்ம தோஜுன் எழுதின பாட்டு. நீ பாடிப் போட்டிருக்க. இந்தா, சாட்சி இருக்கு." சாட்சிக்காகப் பிடித்து வைத்திருந்த படத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

தான்பி படத்தைப் பார்த்தாள். வாதாடவில்லை. காணொளித் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தாள். பதிவேற்றிய நாள்: 2017 மார்ச் 4.

ஓக்சிம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். பிறகு தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். அலைகள் அச்சடித்த நாட்காட்டி அங்கே தொங்கியது. அதன் அட்டையிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கும்: 'உப்புக் காற்று பிறந்த நாள், 2018 நவம்பர் 9.' வருடா வருடம் அந்த நாளில் கேக் வெட்டுகிறவளுக்கு நாட்காட்டியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

தோஜுன் பாடுவதற்கு ஒன்றரை வருடத்துக்கும் மேல் முன்பே இவள் பாடிவிட்டாள். எல்லோருடைய சாட்சிப் படத்திலும் ஒரு தேதி இருந்தது. ஒருத்தியும் பார்க்கவில்லை.

"நீ... நீங்கதான் மணலா?"

தான்பி தலையசைத்தாள்.

"இருங்க, இருங்க. அந்த நீலக் கதவு? நாங்க போய்ப் பாத்தோமே!"

தான்பியின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "எங்க வீட்டுக் கதவு பச்சைம்மா. நீலம்னு போட்டாத்தான் அந்த அடியில மூச்சு விட எடம் கெடச்சுது."

தால்சு வாய்விட்டுச் சிரித்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் தான்பி சொன்னாள். சொல்லச் சொல்ல நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அவள் பாடிப் போட்டதைக் கேட்டுத்தான் தோஜுனின் நிறுவனம் பாட்டைக் கேட்டு வாங்கியது. தன் பெயரில் தன் பதிவை வைத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. புனைபெயர் போடச் சொன்னது அவர்கள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. குரல் நரம்பு போய்விட்டது. இனிமேல் பாட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போன கோடை மழையில் சியோலில் அவள் வேலை செய்த நிலவறைக்குள் தண்ணீர் புகுந்து கணினி, பெட்டிகள், பதிவுகள் எல்லாம் முழுகிப்போயின.

"என் கொரலு இப்ப அந்தச் சேனல்ல மட்டும்தான்மா இருக்கு. அதுவும் இப்பப் பூட்டிக் கெடக்கு, எறக்கி வெச்சுக்கக்கூட வழியில்ல. பன்னெண்டு வருஷத்துப் பாட்டு. மூணு புகார் சேந்ததால ஏழாவது நாள் மொத்தமா அழிச்சிடுவாங்க. எதிர்மனு போட்டா விசாரிக்கவே பதினஞ்சு நாளாம். யாராச்சும் ஒருத்தர் புகாரை வாபஸ் வாங்கினா போதும், சேனல் தப்பிச்சுக்கும். நாளன்னிக்குத்தான் ஏழாவது நாள்."

"அந்தக் கம்பெனிய ஒரு வார்த்தை சொல்லச் சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் ஓக்சிம்.

"கேட்டேன். 'ரசிகர்கள் தாங்களா செய்யறதுல நாங்க தலையிட முடியாது'ன்னு பதில் வந்துச்சு."

என்ன நியாயம் பாருங்கள். ரசிகர்கள் இரவு பகலாகக் கைப்பேசியை ஓடவிட்டுப் பாட்டைப் பட்டியலில் ஏற்றினால் அதற்கு நன்றி அறிக்கை விடத் தெரிகிறது. அதே ரசிகர்கள் பாட்டை எழுதியவளின் கழுத்தைப் பிடித்தால் மட்டும் தலையிட முடியாதாம். பதிப்புரிமை என்ற சட்டமே எழுதியவரைக் காப்பாற்றத்தான் வந்தது. அதை வைத்தே எழுதியவளை அடிக்கிறார்கள், உரிமையை விலைக்கு வாங்கியவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

ஓக்சிம் உடனே மிரானைக் கூப்பிட்டாள். கைப்பேசியை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள்.

"அக்கா, மோசம் போயிட்டோம். மணல் நம்ம தோஜுன் இல்ல."



"தெரியும்," என்றாள் மிரான்.

"தெரியுமா? எப்பத்துலேருந்து?"

"போன வருஷத்துலேருந்து. கம்பெனில கூப்பிட்டுச் சொன்னாங்க. ரசிகர்கள் மனசு ஒடஞ்சிடும், அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னாங்க. நானும் சரின்னேன். அந்தக் கதைய நம்பித்தானே நம்ம பொம்பளைங்க பாதிப் பேரு நிம்மதியாத் தூங்குறாங்க?"

"அப்ப அந்தப் பொண்ணுதான் எழுதினவங்கன்னு தெரிஞ்சுமா புகார் குடுக்கச் சொன்னீங்க?"

"இந்தப் பொண்ணுதான் அந்த மணல்னு எனக்குத் தெரியாது. தேடிப் பாக்கவும் இல்ல. ஓக்சிம், நல்லாக் கேட்டுக்க. சனிக்கிழமை பூசான்ல கச்சேரி. இப்பப் போய் நீ வாபஸ் வாங்கினா, ஏன் வாங்கினன்னு கேப்பாங்க. விஷயம் வெளிய வரும். நம்ம புள்ள பேரு கெட்டுப்போகும். அது உன்னாலன்னு ஆகிடும். பேருந்துல உனக்கு எடம் இருக்காது, கூட்டத்துலயும் எடம் இருக்காது. ரெண்டு நாள் வாய மூடிக்கிட்டு இரு, தானா முடிஞ்சிடும்."

"தானா முடிஞ்சிடும்னா என்னக்கா? இவங்க கொரலு அழிஞ்சிடும்னு அர்த்தம்."

"ஒரு வீடியோவுக்கு இவ்வளவு பேச்சா?" என்று மிரான் வைத்துவிட்டாள்.

ஓக்சிம் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் இடம் இல்லை என்பது வெளியாருக்கு ஒரு சின்ன விஷயம். அவளுக்கு அப்படி அல்ல. காலையில் எழுந்ததும் வணக்கம் சொல்லும் நாற்பது பேர், கால்வலிக்கு மருந்து சொல்கிறவர்கள், மகன் பேசாத வாரங்களில் பேசியவர்கள். அவளுடைய ஊர் என்றால் அதுதான். தான்பி அவளை வற்புறுத்தவில்லை. கோப்பையைக் கழுவி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா இவ்வளவு பாடுபட்டு வந்தீங்க?" என்றார் தால்சு. "ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே."

"போட்டேன் ஐயா. நாலு தடவ. வேற யாரோ பொய்யா எழுதறாங்கன்னு நெனச்சிருப்பாங்க."

ஓக்சிம் முகம் சுண்டியது. அந்த நான்கு கடிதங்களும் மின்னஞ்சலாக அவள் கைப்பேசிக்கு வந்திருந்தன. 'திருடி கதறுகிறாள்' என்று தலைப்பு வைத்து ரசிகர் பக்கத்தில் போட்டதே அவள்தான். எழுபது பேர் சிரித்திருந்தார்கள்.

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். வாபஸ் படிவத்தைத் தான்பியே எடுத்துக் கொடுத்தாள். காரணம் என்ன என்று கேட்டிருந்த இடத்தில் ஓக்சிம் இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். 'உரிமையாளர் சார்பில் பேசுகிறேன் என்று நான் டிக் போட்டது பொய். உரிமையாளர் இப்போது என் கடையில் உட்கார்ந்திருக்கிறார்.' அனுப்பிவிட்டு, "மன்னிச்சுக்கம்மா" என்றாள். தான்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இஸ்திரி போட்டுப் போட்டுக் காய்த்துப்போன கை.

மாலைக்குள் ஓக்சிமை ரசிகர் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். துரோகி, எதிரியிடம் விலைபோனவள், தோஜுன் முதுகில் குத்தியவள் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. எல்லாம் 'கடல் இளவரசி', 'நிலாச் செல்லம்' மாதிரியான பெயர்களில். நேற்று வரை அக்கா அக்கா என்றவர்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மஞ்சள் கொடி கட்டிய பேருந்து சலவைக்கடை முன்னால் வந்து நின்றது. வராமல் எப்படி? நாற்பத்திரண்டு மேல்சட்டைகளும் உள்ளே அல்லவா தொங்கின. தால்சு, "குடுக்காத, அப்படியே வெறும் ஆளாப் போகட்டும்" என்று சொல்லிப் பார்த்தார். "துணி மேல நமக்கு என்னங்க கோபம்?" என்று ஓக்சிம் இரண்டு நாளில் எல்லாவற்றுக்கும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வாங்கியவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கிம்பாப் என்ற சோற்றுச் சுருள் பொட்டலமும் அவித்த முட்டையும் வைத்திருந்த பைகளை மட்டும் பார்த்தார்கள்.

கடைசியாக மிரான் வந்தாள்.

"நீ செஞ்சது என்னன்னு உனக்குப் புரியுதா? ஊரெல்லாம் பேசுறாங்க. ஏன் ஓக்சிம், யாராச்சும் அந்த ஃபார்ம்ல சொந்தப் பேரப் போடுவாங்களா? நாங்கள்லாம் என்ன முட்டாளா? நீ பேரையும் விலாசத்தையும் எழுதிக் குடுத்ததாலதான் அவ தேடி வந்தா. இத்தனை வம்புக்கும் அதுதான் காரணம்."

அதுவரை பொறுமையாக இருந்த ஓக்சிம் தெருவில் இறங்கி, பேருந்தின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"சரி, அந்தக் கட்டத்துல டிக் போட்டவங்க எல்லாரும் ஒரு தடவ கையத் தூக்குங்க."

பேருந்துக்குள் ஒரு கைகூட எழவில்லை.

"மொத்தம் முன்னூத்திப் பன்னெண்டு போட்டோ. அதுல தேகுக் கெளையோடது மட்டும் நாப்பத்திரண்டு. நானே எண்ணிப் பாத்து சந்தோஷப்பட்டவதான். கையி எங்கடி போச்சு? அன்னிக்கு அத்தனை வேகமா ஓடுச்சே! நம்ம தோஜுனுக்காகன்னு சொன்னோம். அவன் கேட்டானா? எழுதினவங்களுக்காகன்னு சொன்னோம். அவங்க யாருன்னு நாம கேட்டமா? தேதி ஒண்ணு இருந்துச்சு, அதக்கூடப் பாக்கல. ஒரு பொம்பளையோட கொரல அழிக்க நமக்கு அரை நிமிஷம் போதுமா இருந்துச்சு. மிரான் அக்கா சொல்றது சரிதான், சொந்தப் பேரப் போட்டதுனாலதான் நான் மாட்டினேன். சொந்தப் பேரப் போட்டதுனாலதான் தப்பைத் திருத்தவும் என்னால முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அப்புறம் போங்க. உங்க பேரையும் விலாசத்தையும் போட்டுச் சொல்ல முடியாத பழியை இன்னொருத்தர் மேல சொல்லாதீங்க. பாட்டு புடிச்சா கேளுங்க. அதுக்கு மேல அது நம்முது இல்ல."

மிரான் ஓட்டுநரை அதட்டினாள். பேருந்து கிளம்பியது. கடைசி இருக்கையில் இருந்த ஒரு பெண், தாமதமாக, கையைத் தோள் வரைக்கும் தூக்கிக் காட்டினாள். அவளும் கச்சேரிக்குத்தான் போனாள். ஆனாலும் தூக்கினாள்.

ஓக்சிம் உள்ளே வந்தாள். அலமாரியில் நான்கு கைப்பேசிகளும் சத்தமில்லாமல் பாடிக்கொண்டிருந்தன. மூன்றை நிறுத்தினாள். நான்காவதில் தான்பியின் சேனலைத் திறந்தாள். முந்தின நாளே திரும்ப வந்திருந்தது. முதல் காணொளியைத் தொட்டு, ஒலியை முழுக்கக் கூட்டினாள். சின்ன அறை, கிதார், இப்போது இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு குரல். நீலக் கதவு வரும் அடியில் அந்தக் குரல் ஒரு மூச்சு நின்று போயிற்று. தோஜுன் அங்கே நிற்பதில்லை.

பாட்டு முடிந்ததும் அதன் கீழே அவள் எழுதினாள்: 'இந்தப் பாட்டை எழுதியவரும் முதலில் பாடியவரும் பியோன் தான்பி. இதைத் திருட்டு என்று பொய்ப் புகார் கொடுத்தவள் நான். போங் ஓக்சிம், வெள்ளை அன்னம் சலவைக்கடை, பழைய சந்தைப் பின்தெரு, தேகு.'

தால்சு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"மறுபடியும் கடை பேரா? நாளைக்குக் கண்ணாடியில கல்லெறிவாங்க."

"எறியட்டும்," என்றாள் ஓக்சிம், இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு. "எறியறவங்க பேரச் சொல்லிட்டு எறியட்டும்."